பிரேக் கழட்டின கிழமை

பிரேக்கைக் கழட்டி ஆறாவது நாள்தான் திலக்ஷனுக்கு ஒரு விசயம் வெளங்கிச்சு. மலை உச்சிக்கு ஏறிப்போனா, திரும்ப எறங்கித்தான் வரணும்.

அது வெளங்கின நேரம் அவன் எறங்கிக்கிட்டு இருந்தான்.

சைக்கிளும் லேசுப்பட்ட சைக்கிள் இல்ல. பாறை மேல, படி மேல, மரக்கட்டை மேல தாவித்தாவி ஓட்டுற சைக்கிள். போன வருசம் பங்களாவுல தங்கின பிரான்ஸ்காரன் ஒருத்தன், பிளேன்ல ஏத்த முடியாம விட்டுட்டுப் போனது. அதுல சீட்டே கிடையாது. கம்பனிக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான். பிரேக்கையும் கழட்டின அன்னைக்கு, திலக்ஷனோட அப்பா இராமையா வாசல்ல நின்னு அதைச் சுத்திச்சுத்திப் பாத்தாரு.

“உக்காரவும் எடமில்ல. இப்ப நிறுத்தவும் வழியில்ல. இதுக்குப் பேரு சைக்கிளாடா?”

“இது பயிற்சிப்பா. யூடியூப்ல ஸ்பெயின்காரன் ஒருத்தன் சொல்லியிருக்கான். பிரேக் இருந்தா வெரல் மட்டும் வேலை செய்யுமாம், ஒடம்பு தூங்கிருமாம். ஒரு கிழமை பிரேக் இல்லாம ஓட்டினா ஒடம்பு முழிச்சிக்குமாம்.”

“ஸ்பெயின்காரன் வந்து ஒன் ஒடம்பைத் தூக்குவானா?”

ஸ்பெயின்காரன் சொன்னது பொய்யில்ல. திலக்ஷனோட ஒடம்பு இப்ப நல்லாவே முழிச்சிருந்திச்சு. ஆனா வீடியோவுல அவன் ஓட்டினது மேசை மாதிரி தட்டையான எடம். பொகவந்தலாவைக்கு மேல இருக்கிற தேயிலை மலை மேசை மாதிரி இல்ல.

ஏன் இந்தப் பாடுன்னு கேட்டா, அன்னைக்குப் பதினோரு மணிக்கு நோட்டன் பக்கம் புதுசா தொறந்த ஹோட்டல்ல ஆள் எடுக்கறாங்க. வாற வெள்ளைக்காரங்களுக்கு இந்தச் சைக்கிளை ஓட்டிக் காட்டி, சொல்லிக் குடுக்கற வேலை. ஒரே ஒரு எடம். அது கெடைச்சா ஊரோட இருக்கலாம். கெடைக்கலன்னா வியாழக்கிழமை வெளிநாட்டு வேலைக்கு, கட்டாருக்கு பிளேன். விசா வந்து அலுமாரிக்குள்ள இருக்கு.

“சனிக்கிழமை பதினோரு மணியோட இந்தக் கூத்து முடியணும். வேலை இல்லன்னா பிளேன். பேச்சே இல்ல” என்று இராமையா முடிவாச் சொல்லியிருந்தாரு.

கட்டாருன்னு நெனைச்சாலே திலக்ஷனுக்குத் தூக்கம் போயிரும். அங்க இருக்கிற பெரியம்மா மகன் நிரஞ்சன் வீடியோ கால்ல சிரிச்சிக்கிட்டேதான் பேசுவான். ஆனா ரெண்டு வருசத்துல ஒரு தடவையாவது தங்கியிருக்கிற அறையைக் காட்டினதில்ல.

காலையில ஏழு மணிக்கு ஒரு கடைசி ஓட்டம், எட்டு மணிக்கு பிரேக்கைத் திரும்பப் பூட்டி, ஒம்பது மணி பஸ்ஸுல சைக்கிளையும் ஏத்திக்கிட்டுப் போறது. இதுதான் திட்டம்.

ஆறாம் நம்பர் மலைக்குக் கிட்ட வரும்போது சைக்கிளுக்கு நல்ல வேகம். கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்கள்ல ராசம்மா அத்தை, இராமையாவோட தங்கச்சி, தலையைத் தூக்கிப் பாத்தா.

“அடேய் மருமகனே! வெள்ளனையே எங்கடா ஓடுற? நில்லு, தேத்தண்ணி இருக்கு!”

“நிக்க முடியாது அத்தை!”

“ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போடா!”

“தண்ணியும் வேணாம்!”

ராசம்மாவோட கை கொழுந்துலயே நின்னுச்சு.

தோட்டத்துல சாவுச் சேதி சொல்லப் போறவன் எங்கயும் நிக்கமாட்டான். யாரு வாசலும் ஏறமாட்டான், பச்சைத் தண்ணி குடிக்கமாட்டான், போயிட்டு வாறேன்னும் சொல்லமாட்டான். வீட்டுக்கு நாலு போன் வந்த பொறகும் அது மட்டும் மாறல. இராமையாவோ ரெண்டு கிழமையா இருமிக்கிட்டுக் கெடந்த மனுசன். அன்னைக்கு விடிய அஞ்சு மணிக்குத்தான் கிளினிக்குக்குப் போயிருந்தாரு.

“அடேய்... அப்பா எப்படிடா இருக்காரு?”

சரியா அந்த நேரம் வளைவு வந்திச்சு. வளைவுல பிரேக் இல்லன்னா ஒடம்பாலதான் சமாளிக்கணும். திலக்ஷன் இடப்பக்கம் சாஞ்சு, வலது கையை வானத்தைப் பாக்க உசக்கத் தூக்கினான்.

கீழ நின்ன அம்பது பேரும் அந்தக் கையைப் பாத்தாங்க. கை காட்டின வானத்தையும் பாத்தாங்க.

“ஐயோ அண்ணே!” ராசம்மா கூடையோட அப்படியே தேயிலைக்குள்ள உக்காந்துட்டா.

வளைவைத் தாண்டின பொறகுதான் பின்னால அழுகைச் சத்தம் கேட்டிச்சு. திலக்ஷன் திரும்பிப் பாத்து, தொண்டை கிழியக் கத்தினான். காத்து அதை வேற மலைக்குக் கொண்டு போயிருச்சு. மேல இருந்து பாத்தவங்களுக்கு, பய கதறிக்கிட்டே போறான்னுதான் தெரிஞ்சிச்சு.

கடைசியா அவனை நிறுத்தினது மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துல கெடந்த எருக்குவியல்.

எழும்பி, கண்ணைத் தொடைச்சிக்கிட்டு, அப்பாவுக்குப் போன் போட்டான். ஓஃப். இராமையா போனை எப்பவும் ஓஃப் பண்ணித்தான் சட்டைப் பையில வைப்பாரு, சார்ஜ் போயிருமாம். அத்தைக்குப் போட்டான். பிஸி. திரும்பப் போட்டான். பிஸி. அத்தை ஊருக்கே சொல்லிக்கிட்டு இருந்தா.

ஆளுங்க எறங்கறதுக்கு முந்தி, வரிசையா வீடுங்க இருக்கிற லயத்துக்குப் போயி, அம்மா கிட்ட சொல்லி, எல்லாத்தையும் நிறுத்திரலாம்னு நெனைச்சான். ரோட்டால போனா சுத்து. குறுக்கால போனா நூத்திப் பத்துப் படி.

படியில விட்டான்.

உண்மையில அந்த ஆறு நாள்ல அவன் ஒழுங்கா ஓட்டினது அந்த நூத்திப் பத்துப் படிதான். முழங்கால் தானா மடங்கிச்சு, இடுப்பு தானா பின்னால போச்சு, ஒவ்வொரு படியிலயும் சைக்கிள் பூனை மாதிரி கால் வச்சுச்சு. அந்த ஹோட்டல்காரங்க பாத்திருந்தா அங்கயே வேலை குடுத்திருப்பாங்க. பாத்தது பைப்படியில தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்த ஷாமிலாவும் ஜீவராணியும். அவங்களுக்குத் தெரிஞ்சது காத்துல வழியிற கண்ணீரும், தலையெல்லாம் மண்ணும்தான்.

“பாருடி, மண்ணை வாரித் தலையில போட்டுக்கிட்டு வாறான்.”

“படிக்கட்டுல சைக்கிளோட குதிக்கிறான்டி! புடிங்க, பயலுக்கு எதுவும் ஆயிரப் போகுது!”

ரெண்டு பேரும் சேந்து புடிச்சாங்க. அதுதான் அவன் நின்ன ரெண்டாவது தடவை.

“அக்கா, அப்பாவுக்கு ஒண்ணுமில்லக்கா! கிளினிக்ல இருக்காரு!”

“ஆமாடா ராசா. ஒண்ணுமில்ல. அழுதுரு. மனசுக்குள்ள வைக்காத” என்று ஜீவராணி அவன் தலையைத் தடவினா. எரு கையில ஒட்டினதும் மெதுவா எடுத்துக்கிட்டா.

வீட்டுக்கு வந்தா, வாசல்ல ஏற்கனவே தறப்பாள் கட்டறாங்க. அம்மா மீனம்மா நடுவுல உக்காந்திருக்கா. ரெண்டு பக்கமும் நாலு பொம்பளைங்க புடிச்சிக்கிட்டு இருக்காங்க.

“அந்த மனுசன் காலையில ரெண்டு ரொட்டி தின்னுட்டுத்தான்டி போனாரு. நான்தான் சம்பல் அரைச்சுக் குடுத்தேன். கிளினிக்ல நம்பர் வாங்கிக்கிட்டு உக்காந்திருப்பாரு” என்று மீனம்மா ஏழாவது தடவையா சொல்லிக்கிட்டு இருந்தா.

“பாவம், மனசு ஏத்துக்கல” என்றா ஒருத்தி.

“எங்க மாமா செத்தப்பவும் அத்தை இப்படித்தான். மூணு நாளா சோறு போட்டு வச்சா” என்றா இன்னொருத்தி.

மீனம்மா மகனைப் பாத்தா. அவ முகத்துல துக்கம் இல்ல, ஆச்சரியமும் இல்ல. முப்பது வருசமா கொழுந்து எடுத்து, முழங்கால் வலியோட வீட்டுல இருக்கிறவளுக்கு வாற அலுப்புதான் இருந்திச்சு.

“ஒன் அப்பா செத்துட்டாராம்டா” என்றா.

“தெரியும்மா.”

“நீதான் சொன்னியாமே?”

“நான் சொல்லலம்மா. எனக்கு நிக்க முடியல.”

“எனக்கும்தான் முடியல. நீ போயி குளி.”

அதுக்குள்ள கங்காணி அழகுமுத்து வந்துட்டாரு. திலக்ஷன் அவரை வீட்டுக்குப் பின்னால கோடிப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போயி, ஒண்ணுவிடாம சொன்னான். பிரேக், ஸ்பெயின்காரன், வளைவு, கை. அழகுமுத்து முழுசும் கேட்டாரு. கேட்டுட்டு, சொவத்துல சாஞ்சுக்கிட்டாரு.

“தம்பி, மலையில இருந்து எல்லாரும் எறங்கியாச்சு.”

“திரும்ப ஏறச் சொல்லுங்க மாமா.”

“ஒனக்கென்ன, வாயால சொல்லிட்ட. சாவு விழுந்தா வேலை நிக்கும். அது இந்தத் தோட்டத்து வழக்கம். நான் எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையாகிட்ட சொல்லி, கண்டாக்கையா தொரைகிட்ட சொல்லி, வந்த எல்லாருக்கும் அரைநாள் சம்பளத்துக்குப் பேரு போட ஒத்துக்கிட்டாங்க. இப்ப போயி ஆளு சாகலன்னு சொன்னா, அத்தனை பேருக்கும் அந்த அரைநாளும் போயிரும். எனக்கு வேலையே போயிரும்.”

“அதுக்கு எங்கப்பா சாகணுமா?”

“முழுசா வேணாம்டா. பின்னேரம் வரைக்கும். பின்னேரமா, ஆஸ்பத்திரியில மூச்சு திரும்பிருச்சாம்னு நானே சொல்றேன். எல்லாரும் சந்தோசமா கலைஞ்சு போயிருவாங்க.”

திலக்ஷனுக்கு மூளை ஓடல. மணி ஒம்பதரை. பஸ் போயிருச்சு. சைக்கிளுக்கு பிரேக் பூட்டணும். பூட்டற ஸ்பானர் வீட்டுக்குள்ள கட்டிலுக்கடியில இருக்கு. கட்டில் மேல மூணு பாட்டிங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்க. குனிஞ்சாலே புடிச்சுத் தூக்கி, “அழாதடா”ங்கறாங்க.

சரி, ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு, கொஞ்சம் பிந்தும்னு சொல்லிருவோம்னு முடிவு பண்ணினான்.

“சேர், நான் திலக்ஷன். பதினோரு மணிக்கு வரச் சொன்னீங்க. வீட்டுல ஒரு சின்னப் பிரச்சினை சேர். அதனால...”

அந்த நேரம் பாத்து ராசம்மா அத்தை மலையில இருந்து வந்து சேந்தா. வந்தவ வாசல்லயே தலைமுடியை அவுத்து விட்டா.

“மருந்தெடுக்கப் போன ராசா! மாத்திரை வாங்கப் போன ராசா! மாலையோட வருவீகன்னு மனசு நெனைக்கலையே, என் இராமையா அண்ணே!”

ஒப்பாரி போன்லயும் கேட்டிச்சு.

“மல்லி, தம்பி,” என்றாரு மனேஜர். சிங்களவரு, தமிழும் நல்லாப் பேசுவாரு. “அப்பாவா?”

“இல்ல சேர், அது வந்து...”

“அனே, பாவம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். நானே வாறேன்.”

“வேணாம் சேர்!”

வச்சுட்டாரு.

பத்து மணிக்கு ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டிட்டாங்க. பதினோரு மணிக்கு, டவுன்ல கடை வச்சிருக்கிற ஜெயகாந்தன் பெனர் அடிச்சுக் கொண்டு வந்துட்டான். கண்ணீர் அஞ்சலி. கல்யாண வீட்டுல எடுத்த படம் போல, இராமையா நல்லாச் சிரிச்சிக்கிட்டு இருக்காரு. தோள் மேல யாரோ ஒருத்தரோட கை மட்டும் இருக்கு.

பதினோரு மணின்னதும் திலக்ஷன் ஒருக்கா சைக்கிளைப் பாத்தான். அது தறப்பாள் கயித்துக்கு முட்டுக் குடுத்து நின்னுச்சு. அந்த ஒரு கிழமையில அது ஆடாம நின்னது அன்னைக்குத்தான்.

பன்னெண்டு மணிக்கு இராமையா வந்தாரு.

கையில மருந்துப் பை. கொடியைப் பாத்துக்கிட்டே வந்தாரு. பெனரைப் பாத்தாரு. கொஞ்சம் கிட்டப் போயி, கண்ணைச் சுருக்கி, முழுசா வாசிச்சாரு. வாசல்ல இருந்த எழுவது எம்பது பேரும் வாயை மூடிக்கிட்டாங்க. ராசம்மா வாயைத் தொறந்தபடியே இருந்தா.

“யாருடி செத்தது?”

“நீங்கதான்” என்றா மீனம்மா.

“எப்ப?”

“காலையில. ஏழே முக்கால் இருக்கும்.”

இராமையா இருமினாரு. “வயசு அறுவத்தி மூணுன்னு போட்டிருக்கான். எனக்கு அம்பத்தெட்டு.”

“அவசரத்துல அடிச்சது சித்தப்பா” என்றான் ஜெயகாந்தன்.

அழகுமுத்து ஓடிவந்து அவர் காதுல அரைநாள் பேரைப் பத்திச் சொன்னாரு. இராமையா சுத்திப் பாத்தாரு. கொழுந்துக் கூடையோட அப்படியே எறங்கி வந்த பொம்பளைங்க. காலெல்லாம் சேறு, அட்டை கடிச்ச ரத்தம். ரெண்டு பேரு தூணுல சாஞ்சு தூங்கிட்டாங்க. எத்தனையோ நாளுக்குப் பொறகு பகல்ல உக்காந்திருக்காங்க.

“சரி, இருந்துட்டுப் போகட்டும். ஒரு தேத்தண்ணி குடு” என்றாரு மீனம்மாகிட்ட. பொறகு மகனைப் பாத்தாரு. “பதினோரு மணி?”

“போச்சுப்பா.”

“அப்ப வியாழக்கிழமை...” என்று ஆரம்பிச்சவரு, முடிக்காம இருமினாரு.

அப்பத்தான் ஹோட்டல் வேன் வந்து நின்னுச்சு.

மனேஜர் வெள்ளைச் சட்டையில எறங்கினாரு. கையில பூ வளையம். வேனை ஓட்டி வந்த வட்டவளைப் பக்கத்துப் பையன், பேரு அழகன், பின்னாலயே வந்தான். கூட்டத்துக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ராசம்மா முதல்ல ஆரம்பிச்சா, மத்தவங்க புடிச்சிக்கிட்டாங்க. ஒப்பாரி லயம் முழுக்கக் கேட்டிச்சு. இராமையா தேத்தண்ணிக் கோப்பையோட நடுவுல நின்னாரு.

மனேஜர் பெனரைப் பாத்தாரு. இராமையாவைப் பாத்தாரு. திரும்பவும் பெனரைப் பாத்தாரு.

“இவரு அண்ணன் சேர்!” என்றாரு அழகுமுத்து. வேர்த்துக் கொட்டுது. “செத்தவரோட அண்ணன். ரெட்டைப் புள்ளைங்க.”

“அப்படியா? அப்படியே இருக்கீங்க” என்றாரு மனேஜர்.

“ஒரு நிமிசம் மூத்தவன் சேர்” என்றாரு இராமையா.

“செத்தவரோட பொடி எங்க?”

“ஆஸ்பத்திரியில சேர். இன்னும் குடுக்கல” என்று அதுக்கும் இராமையாவே பதில் சொன்னாரு.

மனேஜர் தலையை ஆட்டிக்கிட்டாரு. பூ வளையத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, இராமையா கையிலயே குடுத்தாரு. அவரும் மரியாதையா வாங்கிக்கிட்டாரு.

“அந்த வேலை மல்லிக்குத்தான். திங்கக்கிழமை வரட்டும். ஓட்டிக் காட்டவும் தேவையில்ல. ஆனா வீட்டுல பெரியவங்க விடணுமே. தம்பி இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

இராமையா கோப்பையைப் பாத்தாரு.

“அவன் விடமாட்டான் சேர். கட்டார், கட்டார்னுதான் நிப்பான்.”

“பையன் மேல பாசம் இல்லையோ?”

“பாசம் இல்லாம என்ன சேர். பயம். தன்னை மாதிரியே மகனும் இந்த மலையில தேஞ்சு போயிருவானோங்கற பயம். அதான் சத்தம் போடுவான். வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. கூறுகெட்ட பய.”

மீனம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டா. அழறாளா சிரிக்கிறாளான்னு தெரியல.

“நீங்க விடுவீங்களா?”

இராமையா கோப்பையைக் கீழ வச்சாரு. “தம்பிதான் இப்ப இல்லையே சேர். நான் விடுறேன்.”

கூட்டத்துல யாரோ நெசமாவே விம்மினாங்க. வேலை கெடைச்சிருச்சு, ஆனா அப்பா உசுரோட இருக்கிற வரைக்கும் அது பொய்யாச் சேந்த வேலை. என்னைக்காவது அவரை டவுன்ல பாத்தா, மனேஜர் பொலிஸுக்கே போவாரு. இனி வாழ்நாள் முழுக்க அப்பாவைப் பெரியப்பான்னு கூப்புடணுமா?

சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தான். அதுக்குள்ள மனேஜர் கும்புட்டுட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, கைக்குட்டையை வாயில வச்சபடி வேகமா வேனுக்குள்ள ஏறிட்டாரு. திலக்ஷனும் இராமையாவும் பின்னாலயே வேன் வரைக்கும் போனாங்க.

அழகன் டிரைவர் கதவைத் தொறந்தான். ஏறல. பூ வளையத்தோட நிக்கிற இராமையாவைக் கவலையோட பாத்தான்.

“ஏன்யா, போன செவ்வாக்கிழமை எங்க கேட்டுல ரெண்டு மணித்தியாலம் நின்னு, ‘மகனைக் கட்டாருக்கு அனுப்ப மனசு கேக்கல, அவனுக்குத் தெரியாம இந்த வேலையைக் குடுங்க’ன்னு கும்புட்டப்பவே சேர் சரின்னுட்டாரே, பொறகு எதுக்குய்யா இப்படிச் செத்தீங்க?”